பட்டியலில் அடங்காத முதியவர்கள்: மெக்சிக அமெரிக்கக் குடும்பங்களும் செவிலியர் பணியும்

அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரம் ஆகியிருந்தது. லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்ட நடுவயதுப் பெண் ஒருவர் கட்டிலில் முனகிக்கொண்டிருந்தார். அங்கே வந்த அதே பின்னணியைச் சேர்ந்த மருத்துவர், நோயாளிக்கு வலி கடுமையாக இருப்பதுபோல் தெரிகிறதே என்றார். செவிலியர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பண்பாடும் மருத்துவமும் குறித்து நர்சிங் கல்லூரியில் தனிப்பாடம் படித்தவர் அவர். ஹிஸ்பானிக் நோயாளிகள், அதாவது ஸ்பானிஷ் வழி மரபினர், வலியைக் கூட்டிக் காட்டுவார்கள் என்பது அந்தப் படிப்பு அவருக்குத் தந்த அறிவு. மெலனி டெர்வலோன், ஜான் மரே-கார்சியா என்னும் இரு மருத்துவர்கள் 1998-ல் எழுதிய கட்டுரையில் இந்த நிகழ்ச்சி வருகிறது. அதுவரை மருத்துவக் கல்வியில் கோலோச்சிய 'பண்பாட்டுத் திறன்' என்ற கருத்துக்கு எதிரே, 'பண்பாட்டுப் பணிவு' என்ற கருத்தை முன்வைத்த கட்டுரை அது.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2017-ல், பியர்சன் பதிப்பகத்தின் செவிலியர் பாடநூல் ஒன்றில் வலியும் பண்பாடும் பற்றிய ஒரு பகுதி சமூக ஊடகங்களில் பரவிக் கண்டனத்துக்கு உள்ளானது. ஹிஸ்பானிக் மக்கள் வலியைத் தண்டனையாகக் கருதலாம், சொர்க்கம் செல்ல அதைத் தாங்கியே ஆகவேண்டும் என்று நம்பலாம் என்ற பொருளில் அதில் எழுதியிருந்தார்கள். பதிப்பகம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. ஒரே மக்களைப் பற்றி ஒரு பாடம் மிகைப்படுத்துவார்கள் என்கிறது. இன்னொரு பாடம் பொறுத்துக்கொள்வார்கள் என்கிறது. இரண்டில் எதைப் படித்திருந்தாலும் கட்டிலில் கிடப்பவருக்கு வலி மருந்து தாமதமாகத்தான் வரும்.

மெக்சிக அமெரிக்க முதியோருக்கான செவிலியர் பணியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு பட்டியலோடு தொடங்குவார்கள்: குடும்பப் பற்று, பெரியோர்பால் மரியாதை, இறை நம்பிக்கை, நாட்டு மருத்துவம், விதியை ஏற்கும் மனம். பட்டியலில் உள்ளவை பொய்யல்ல. ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்த செவிலியர், எதிரே இருப்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமலே விட்டுவிடுகிறார். இந்த மக்களைப் பற்றிச் செய்யப்பட்ட நல்ல ஆய்வுகளை ஊன்றிப் படித்தாலே இது விளங்கும்.

முதலில் இவர்கள் யார்? 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மக்கள் 6 கோடியே 20 லட்சத்துக்கு மேல். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் மெக்சிக வழியினர். 1848 உடன்படிக்கையில் மெக்சிகோ தன் வடபகுதியை இழந்தபோது, வீட்டை விட்டு நகராமலே அமெரிக்காவுக்குள் வந்துவிட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இவர்களில் உண்டு. 1942 முதல் 1964 வரை நடந்த பிராசெரோ ஒப்பந்தத் தொழிலாளர் திட்டத்தில் வயலுக்கு வந்தவர்களும் உண்டு. ஏறத்தாழ 46 லட்சம் ஒப்பந்தங்கள் அதில் கையெழுத்தாயின. பிள்ளைகளைப் பார்க்க எழுபது வயதில் எல்லை கடந்து வந்த பாட்டிகளும் உண்டு. டெக்சாஸில் பிறந்து, பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்கு அடிவாங்கி, அதனாலேயே தன் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மட்டும் பேசி வளர்த்த தாத்தாவும், மெக்சிகோவின் ஓஹாகா மலையிலிருந்து வந்து மிஷ்டெக் மொழி மட்டும் நன்றாகப் பேசத் தெரிந்த மூதாட்டியும் மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரே கட்டத்தில் விழுகிறார்கள். அந்த மூதாட்டிக்கு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளரை அழைத்து வந்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கிற மருத்துவமனைகள் கலிபோர்னியாவில் இன்றும் இருக்கின்றன.

இவர்களின் உடல்நலத்தில் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்த செய்தி ஒன்று உண்டு. வருமானமும் படிப்பும் குறைவு, மருத்துவக் காப்பீடும் குறைவு. ஆனாலும் இறப்பு விகிதம் வெள்ளையர்களோடு ஒப்பிடத்தக்க அளவில், சில நோய்களில் அதைவிடக் குறைவாகவே இருக்கிறது. கிரியாகோஸ் மார்க்கிடஸும் ஜெனீன் கொரைலும் 1986-ல் இந்த முரணைப் பற்றி எழுதினார்கள். பிறகு மார்க்கிடஸ் குழுவினர் 1993–94-ல் டெக்சாஸ், கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ ஆகிய ஐந்து மாநிலங்களில் 65 வயதைத் தாண்டிய 3,050 மெக்சிக அமெரிக்கர்களைத் தேர்ந்தெடுத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் சராசரிப் பள்ளிப் படிப்பு ஏறக்குறைய ஐந்து ஆண்டுதான். 2004-ல் கார்ல் எஷ்பாக்கும் சகாக்களும் அதே தரவைக் கொண்டு, தம் மக்கள் அடர்ந்து வாழும் பகுதியில் குடியிருந்த முதியவர்களுக்கு இறப்பு குறைவு என்று காட்டினார்கள். ஆனால் நீண்ட ஆயுள் என்பது நலமான ஆயுள் ஆகிவிடவில்லை. நீரிழிவு, அதனால் கெடும் கால், கண், சிறுநீரகம், நடமாட முடியாத முதுமை ஆகியவை இந்த மக்களிடம் அதிகம். சேக்ரமென்டோ பகுதியில் 1998-ல் தொடங்கிய முதியோர் ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. கோவிட் வந்தபோது, ஒரே ஆண்டில் ஹிஸ்பானிக் மக்களின் ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் நான்கு ஆண்டு சரிந்தது. ஆக, செவிலியர் சந்திக்கும் முதியவர் நெடுங்காலம் வாழப்போகிறவர். அந்தக் காலத்தில் பெரும்பகுதியைப் பிறர் கைத்தாங்கலில் கழிக்கப்போகிறவர்.

இவர்கள் மருத்துவரிடம் வாய் திறப்பதில்லை, சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டுப் பிறகு வருவதில்லை என்று பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. இதை மரியாதைப் பண்பாடு என்று மட்டும் விளக்கினால் வரலாறு மறைந்துபோகும். 1917 முதல் எல் பாசோ பாலத்தில் எல்லை கடந்து வேலைக்கு வந்தவர்களை ஆடை களைய வைத்து, பேன் ஒழிப்பு என்ற பெயரில் பெட்ரோலியத் திரவங்களால் குளிக்க வைத்தார்கள். பிராசெரோக்களை வரிசையில் நிறுத்தி முகத்திலும் உடலிலும் டிடிடி பூச்சிக்கொல்லி தூவியதைப் புகைப்படக்காரர் லெனார்ட் நடேல் 1956-ல் படமெடுத்தார். அந்த வரிசையில் நின்ற இருபது வயது இளைஞர் இன்று இருந்தால் தொண்ணூறு வயதை நெருங்கியிருப்பார்.

லாஸ் ஏஞ்சலஸ் வழக்கு இன்னும் கசப்பானது. அங்கே அரசுப் பெருமருத்துவமனையில் பிரசவத்துக்கு வந்த மெக்சிக வழிப் பெண்களுக்கு, வலியின் உச்சத்தில், தாங்கள் படிக்க முடியாத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை செய்யப்பட்டது. பத்துப் பெண்கள் 1975-ல் கூட்டாட்சி நீதிமன்றம் சென்றார்கள். மாத்ரிகல் எதிர் குவில்லிகன் என்ற அந்த வழக்கில் மானுடவியலாளர் கார்லோஸ் வேலெஸ்-இபான்யெஸ் சாட்சி சொன்னார். இந்தப் பெண்களின் கிராமப் பின்னணியில் தாய்மைக்கு எத்தனை மதிப்பு, அதை இழந்தது அவர்களுக்கு எத்தனை பெரிய அழிவு என்று விளக்கினார். 1978-ல் நீதிபதி ஜெஸ்ஸி கர்ட்டிஸ் தீர்ப்புச் சொன்னபோது அந்தச் சாட்சியத்தையே எடுத்துத் திருப்பிவிட்டார்: இவர்களுடைய துயரத்துக்குக் காரணம் இவர்களின் தனிப்பட்ட பண்பாட்டுப் பின்னணி, அது மருத்துவர்களுக்கு எப்படித் தெரியும்? பெண்கள் தோற்றார்கள். பண்பாட்டைப் பற்றிய அறிவு ஏழைகளுக்கு எதிராகவும் வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. வழக்கின் பயனாக ஸ்பானிஷ் ஒப்புதல் படிவங்களும் காத்திருப்புக் கால விதிகளும் வந்தன. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டி மன்னிப்புக் கேட்க 2018 ஆயிற்று. அந்தத் தலைமுறைப் பெண்கள் இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடச் சொல்லி ஒரு தாளை நீட்டும்போது அவர்களில் ஒருவர் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குப் பெயர் விதி நம்பிக்கை அல்ல.

இனி உண்மை சொல்வதா மறைப்பதா என்ற கேள்விக்கு வருவோம். 1995-ல் லெஸ்லி பிளாக்ஹாலும் சகாக்களும் ஜாமா மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் முதியோர் மையங்களில் 65 வயதைத் தாண்டிய 800 பேரிடம், நான்கு இனத்தவரில் தலா 200 பேரிடம், கேட்டார்கள். புற்றுநோய் பரவிவிட்டது என்பதை நோயாளியிடமே சொல்லவேண்டுமா? ஆம் என்றவர்கள் ஐரோப்பிய அமெரிக்கரில் 87 விழுக்காடு, ஆப்பிரிக்க அமெரிக்கரில் 88, மெக்சிக அமெரிக்கரில் 65, கொரிய அமெரிக்கரில் 47. உயிர்காக்கும் கருவிகளைப் பற்றிய முடிவை நோயாளியே எடுக்கவேண்டும் என்ற மெக்சிக அமெரிக்கர் 41 விழுக்காடு. ஐரோப்பிய அமெரிக்கர் 65.

இந்த ஆய்வைக் காட்டித்தான், மெக்சிகக் குடும்பங்களில் நோயாளியிடம் சொல்லக்கூடாது, மூத்த மகனிடமோ மகளிடமோ பேசவேண்டும் என்று பல பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். எண்ணை இன்னொரு முறை பார்க்கலாம். மூவரில் இருவர் தங்களுக்குச் சொல்லவேண்டும் என்றார்கள். குடும்பத்திடம் மட்டும் பேசும் செவிலியர் அந்த இருவருக்கும் அநீதி செய்கிறார். எல்லோரிடமும் நேராகச் சொல்லிவிடுகிறவர் மூன்றாமவரைக் காயப்படுத்துகிறார். அந்த இனத்துக்குள்ளேயே வயது, படிப்பு, வருமானம், அமெரிக்க வாழ்க்கையோடு எவ்வளவு கலந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடைகள் மாறின. ஆய்வாளர்களின் முடிவும் இதுவே: விவரம் தெரிந்துகொள்ளவும் முடிவெடுக்கவும் விரும்புகிறாரா, அல்லது குடும்பத்திடம் விட்டுவிட விரும்புகிறாரா என்று நோயாளியிடமே கேட்கவேண்டும். கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 1991-ல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, மருத்துவமனையில் சேரும்போதே வாழ்விறுதி விருப்பங்கள் பற்றிய தாளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கால் வீக்கத்துக்கு வந்த எண்பது வயதுப் பெண்ணிடம் சேர்ந்த அரை மணியில் அந்தத் தாளை நீட்டினால், தான் சாகப்போவதாக அவர் முடிவு கட்டுவார். உடம்பைத் துடைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளின் படத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசிய பிறகு, 'டாக்டர் பரிசோதனை முடிவைச் சொல்ல வரும்போது யார் யார் பக்கத்தில் இருக்கவேண்டும், தோன்யா?' என்று கேட்டால் பதில் தானாக வரும். பெரியவர்களைப் பெயருக்கு முன் தோன், தோன்யா சேர்த்து, மரியாதைப் பன்மைக்கு ஒப்பான வடிவில் அழைப்பது அங்கே எளிய கடமை. ஒருமையில் பேசிவிட்டால் எப்படி இருக்கும் என்று தமிழர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

குடும்பத்தைப் பற்றித்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. இவர்கள் பெரியவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்ற பாராட்டு, டிஸ்சார்ஜ் நேரத்தில் உதவி எதையும் ஏற்பாடு செய்யாமல் அனுப்பிவிடுவதற்கு வசதியான காரணமாகிவிடுகிறது. பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரு மகள் அல்லது மருமகள். ஹோட்டலில் அறை சுத்தம் செய்துவிட்டு வந்து, பக்கவாதம் வந்த அம்மாவைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவருக்கு முதுகு வலியும் தூக்கமின்மையும் உண்டு. அதைச் சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவோமோ என்ற பயமும் உண்டு. நோயாளியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துவிட்டுப் போகும் செவிலியர், அந்த மகளைத் தனியே கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசியிருக்கவேண்டும்.

டூசானில் அரிசோனா பல்கலைக்கழகச் செவிலியர் துறையைச் சேர்ந்த ஜேனிஸ் கிறிஸ்ட் நெடுங்காலம் இந்தக் கேள்வியோடு இருந்தார்: வீட்டுக்கு வந்து கவனிக்கும் செவிலியர் சேவையை மெக்சிக அமெரிக்க முதியவர்கள் ஏன் குறைவாகவே பெறுகிறார்கள்? முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் தகுதி உள்ளவர்களுக்கு அது செலவில்லாத சேவை. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. தெரிந்தவர்களுக்கோ, அந்நியரை வீட்டுக்குள் விட்டால் பெரியவரை நாம் கைவிட்டதாக ஆகும் என்ற மன உறுத்தல். இதோடு, குடியுரிமை உள்ள பாட்டியும் ஆவணமில்லாத மருமகனும் ஒரே கூரையில் வாழும் வீட்டில், கோப்போடு வருகிற எவரும் அச்சம் தருகிறவர்தான். கிறிஸ்ட் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. முதியவர்களையும் கவனிப்போரையும் காபிக்கு அழைத்துப் பேச வைத்தார். அவர்கள் விரும்பிப் பார்க்கும் தொலைக்காட்சித் தொடரின் பாணியில், ஒரு குடும்பம் இந்த உதவியை ஏற்பதா வேண்டாமா என்று தவிக்கும் கதையைப் படமாக்கினார். 2005-ல் இந்த அனுபவத்தை எழுதினார். உதவி வாங்குவதும் அம்மாவைக் கவனிப்பதில் ஒரு பகுதிதான் என்று குடும்பமே பேசி முடிவெடுக்க அது இடம் கொடுத்தது.

வீட்டுக்குப் போனால்தான் தெரியும் விஷயங்கள் உண்டு. சமையலறை மேசையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மருந்துகளைக் கொட்டுகிறார்கள் என்று வையுங்கள். அமெரிக்க மருந்துக்கடையின் புட்டியில் கிளைபுரைடு என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருக்கிறது. எல்லைக்கு அப்பால் நுவேவோ புரோக்ரேசோவிலோ நொகாலேசிலோ மகன் வாங்கி வந்த அட்டையில் கிளிபென்கிளமிடா என்று இருக்கிறது. இரண்டும் ஒரே சர்க்கரை மாத்திரை; நம்மூரில் டாவோனில் என்று விற்பதும் அதுவே. இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும் முதியவருக்கு நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். மருத்துவமனைக் குறிப்பில் அதற்குக் காரணமே இராது. பக்கத்திலேயே மெட்டமிசோல் இருக்கலாம். மெக்சிகோவில் சாதாரணமாகக் கிடைக்கும் வலி மருந்து அது; இரத்த வெள்ளணுக்களைக் குறைக்கும் ஆபத்து கருதி அமெரிக்காவில் 1970-களிலேயே விலக்கப்பட்டது. முகம் சுளிக்கிற செவிலியரிடம் அந்தப் பை அடுத்த முறை வெளியே வராது.

மூலிகைகளுக்கும் இதே கதைதான். செவிலியர் பணிக்குப் பண்பாட்டுக் கோட்பாட்டைத் தந்த மெடலின் லைனிங்கர் மூன்று வழிகளைச் சொன்னார்: இருப்பதைக் காப்பது, இடம்கொடுத்து இணங்குவது, தீங்கு தருவதைச் சேர்ந்து பேசி மாற்றுவது. சாமந்தி வகைப் பூவில் போடும் மான்சனியா தேநீரை அப்படியே விட்டுவிடலாம். சப்பாத்திக் கள்ளியின் மடலான நொபால் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கக்கூடியது; சாப்பிடுகிறவரின் மாத்திரை அளவோடு சேர்த்துக் கவனித்தால் போதும். ஆனால் வயிற்று அடைப்புக்குத் தரும் அசார்கோன் என்ற ஆரஞ்சுப் பொடி பெரும்பகுதி ஈயம். 1981-லேயே அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை எச்சரித்தது. அதைப் பேரக்குழந்தைக்குக் கரைத்துக் கொடுப்பவர் பெரும்பாலும் பாட்டி. அவரைக் குற்றவாளி ஆக்காமல் அந்தப் பொடியை நிறுத்த வைப்பது அனுபவமுள்ள செவிலியரின் வேலை. திடீர் அதிர்ச்சியால் (அதை அவர்கள் சுஸ்தோ என்பார்கள்) நீரிழிவு வந்தது என்று பலர் சொல்வார்கள். மகன் விபத்தில் இறந்த மாதம், வேலை போன மாதம். மறுத்துப் பேசிப் பயனில்லை. நோய் எப்போது எப்படித் தொடங்கியது என்று நினைக்கிறீர்கள் என்று மருத்துவ மானுடவியலாளர் ஆர்தர் கிளெய்ன்மன் 1978-ல் வகுத்துத் தந்த கேள்விகளைக் கேட்டால், நோயாளியின் வாழ்க்கையே வெளிவரும். இன்சுலின் போட்டால் கண் போகும் என்ற பயத்துக்கும் காரணம் இருக்கிறது. ஏழைகளுக்கு இன்சுலின் மிகத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் கண் கெட்டிருந்தது. அண்டை வீட்டார் பார்த்தது ஊசியையும் அதன் பிறகு வந்த குருட்டையும்.

மொழி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேரனை நிறுத்தி வைத்துப் பாட்டியின் சிறுநீர்க் கசிவைப் பற்றிக் கேட்கக்கூடாது. நெருக்கடி தவிர்த்த நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராக்குவதைக் கூட்டாட்சி விதியே தடுக்கிறது. 2000-ல் பிறப்பிக்கப்பட்ட மொழி உதவி ஆணை 2025 மார்ச்சில் விலக்கப்பட்டாலும், 1964 குடிமை உரிமைகள் சட்டம் நிற்கிறது. அதே 2025-ன் ஜனவரியில், மருத்துவமனைகளில் குடிவரவுக் கைது நடவடிக்கையைக் கட்டுப்படுத்திவந்த வழிகாட்டுதலும் நீக்கப்பட்டது. அதன்பின் முதியவரின் மருத்துவ நாளன்று காரோட்டி வரவேண்டிய மகன் வரத் தயங்கினால், 'மருத்துவ ஆலோசனையைப் பின்பற்றாதவர்' என்று கோப்பில் எழுதுவது கொடுமை. கூலியைக் கையில் வாங்கியே காலம் கழித்த வயல் தொழிலாளிக்கும் வீட்டு வேலைக்காரிக்கும் பிரீமியம் இல்லாத மெடிகேருக்குத் தேவையான பத்தாண்டு வேலைப் பதிவு இல்லாமல் போவதும் உண்டு. மருந்தைப் பாதியாக உடைத்துப் போடுகிறவரிடம் பண்பாட்டைத் தேடுவதற்கு முன் மருந்தின் விலையைக் கேட்கவேண்டும்.

செய்துகாட்டியவர்களும் இருக்கிறார்கள். டெக்சாஸ் எல்லையில் ரியோ கிராண்டே நதிக்கரையில் இருக்கும் ஸ்டார் கவுன்ட்டியில், செவிலிய ஆய்வாளர் ஷரன் பிரவுன் நீரிழிவு உள்ள 256 மெக்சிக அமெரிக்கர்களோடு நடத்திய ஆய்வு 2002-ல் வெளியானது. அவர்கள் 35 முதல் 70 வயது வரை உள்ளவர்கள். முதுமைக்குள் நுழைகிறவர்களும் நுழைந்துவிட்டவர்களும். கற்றுக்கொடுத்தவர்கள் இரு மொழியும் தெரிந்த மெக்சிக அமெரிக்கச் செவிலியர்கள், உணவியலாளர்கள், ஊர்ப் பணியாளர்கள். கணவனோ மகளோ சிநேகிதியோ ஒருவரைக் கூடவே அழைத்துவரச் சொன்னார்கள். தோர்த்தியாவையும் பீன்ஸையும் விலக்கச் சொல்லாமல், அளவையும் எண்ணெயையும் பேசினார்கள். ஆறு மாதத்தில் இவர்களின் எச்பிஏ1சி, அதாவது சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, வகுப்புக்கு வராத குழுவைவிட 1.4 புள்ளி குறைவாக இருந்தது. ஆனாலும் சராசரி 10-க்கு மேல்தான் நின்றது. அத்தனை முற்றிய நோயோடு வந்தவர்கள் அவர்கள். ஓராண்டில் அவர்களுக்குக் கிடைத்தது 52 மணி நேரம். பிறகு 22 மணி நேரமாகச் சுருக்கியும் பார்த்தார்கள். அதுவும் பயன் தந்தது, ஆனால் நீண்ட வகுப்புக்குத் தவறாமல் வந்தவர்களுக்கே சர்க்கரை அதிகம் இறங்கியது.

நீரிழிவைத் தானே கவனித்துக்கொள்ளும் பயிற்சிக்கு மெடிகேர் முதல் ஆண்டில் 10 மணி நேரத்துக்குப் பணம் தருகிறது, அடுத்த ஆண்டுகளில் 2 மணி நேரம். பதிவு பெற்ற செவிலியர்களில் ஹிஸ்பானிக் வழியினர் 2022 கணக்குப்படி சுமார் 7 விழுக்காடு. நாட்டில் அவர்களின் பங்கு ஏறத்தாழ 19. பெரியவரின் பேச்சைக் கேட்கவும், மருந்துப் பையைக் கொட்டிப் பார்க்கவும், மகளைத் தனியே அழைத்துப் பேசவும் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் காப்பீட்டு நிரலில் கட்டணக் குறியீடு கேட்டுப் போராடுவது, பண்பாட்டுப் பயிற்சிக்கு இன்னொரு வகுப்பு சேர்ப்பதைவிட அவசரமான வேலை. அமெரிக்கச் செவிலியர் அமைப்புகள் அங்கிருந்து தொடங்கவேண்டும்.